மின்னணு உறுப்புகளும் நிலைமின்சாரமும்

உலர்ந்த தலைமயிரில் தேய்த்த சீப்பு காகிதத் துண்டுகளை ஈர்ப்பதை மாணவர் யாவரும் அறிவர். இரு பொருள்கள் உராய்ந்து பிரியும்போது ஒன்றினின்று மற்றொன்றுக்கு எலெக்ட்ரான்கள் செல்வதே இதற்குக் காரணமாகும். விளையாட்டாகத் தோன்றும் இந்நிகழ்ச்சி, தானியங்கி வானிலைக் கருவி, கணிப்பொறி முதலியவற்றின் நுண்ணிய உறுப்புகளை நொடிப்பொழுதில் பாழாக்கவும் வல்லது.

நைலான் அல்லது கம்பளி உடையணிந்து உலர்ந்த தரையில் நடப்பவரது உடலில் பல ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தம் சேரக்கூடும். ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் குறைந்த மின்னிறக்கத்தை நம் விரல் பெரும்பாலும் உணர்வதில்லை. மாஸ் வகை டிரான்சிஸ்டரின் கேட் என்னும் முனையின் கீழுள்ள ஆக்ஸைடுப் படலத்தையோ, 100 வோல்ட்டுக்கும் குறைந்த அழுத்தமே துளைத்துவிடக் கூடும். ஆகவே, அதிர்ச்சி தெரியவில்லை என்பதனால் தீங்கில்லை என்று கொள்ளலாகாது.

பழுதுற்ற உறுப்பு உடனே செயலற்றுப்போவதும் உண்டு. சோதனையில் செவ்வனே இயங்கிச் சில வாரங்களுக்குப் பின் கெடுவதும் உண்டு. பின்னது தொலைதூர நிலையமொன்றில் நிகழுமாயின், மழைக்காலத்தின் நடுவே அளவீடுகள் நின்றுபோகும். காரணமும் எளிதில் புலப்படாது.

ஈரக்காற்று பொருள்களின் மேற்பரப்பில் மெல்லிய நீர்ப்படலத்தை உண்டாக்கி, மின்னேற்றம் கசிந்து செல்ல வழி செய்கிறது. எனவே இராஜஸ்தானத்தின் கோடையிலும், குளிர்சாதன அறைகளிலும் அபாயம் மிகுதி. எனினும் கடற்கரை ஊர்களிலும் எச்சரிக்கை வேண்டும்.

தலையாய பாதுகாப்பு மணிக்கட்டுப் பட்டையாகும். இது உடலை 10 லட்சம் ஓம் மின்தடை வழியாகப் பூமியுடன் இணைக்கிறது. உடலின் மின்னேற்றம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஏறக்குறைய முழுவதும் வடிந்துவிடும். தவறி 230 வோல்ட்டுக் கம்பியைத் தொட நேர்ந்தாலும், பட்டை வழியே செல்லும் மின்னோட்டத்தை இத்தடை 0.23 மில்லி ஆம்பியருக்குள் அடக்கிவிடும். ஆதலின் தடையில்லாத வெறுங்கம்பியைக் கையில் கட்டிக்கொள்ளுதல் கூடாது.

பணியாளர் கடைப்பிடிக்க வேண்டிய விதிகள்:

1. மின்சாரத்தைத் துண்டித்த பின்னரே கருவியைத் திறக்க வேண்டும். உயர் மின்னழுத்தம் ஓடும் கருவியருகே மணிக்கட்டுப் பட்டையை அணியலாகாது.
2. பட்டை இல்லாதபோது, எர்த் செய்யப்பட்ட உலோகப் பகுதியை முதலில் தொட்டு, வேலையினிடையேயும் அடிக்கடி தொடுக.
3. பலகையை ஓரங்களில் மட்டும் பிடிக்க வேண்டும். இணைப்பு முனைகளைத் தொடலாகாது.
4. பருத்தியுடை நன்று.
5. சால்டரிங் அயர்னின் முனை எர்த் செய்யப்பட்டிருத்தல் வேண்டும்.
6. உறுப்புகளை வெள்ளி நிறக் காப்புப் பையில் எடுத்துச் செல்க. இளஞ்சிவப்புப் பை தன்னளவில் மின்னேற்றம் உண்டாக்காதெனினும், வெளியிலிருந்து வரும் மின்னிறக்கத்தைத் தடுக்காது.

ஆசிரியர்கள் ஓர் எளிய சோதனையைச் செய்து காட்டலாம். தேய்த்த பிளாஸ்டிக் சீப்பின் ஒரு முனையை இரும்புக் குழாயில் தொடச் செய்தபின், மறுமுனையைக் காகிதத் துண்டுகளருகே கொண்டுசெல்க. அது இன்னும் ஈர்ப்பதைக் காணலாம். மின்கடத்தாப் பொருளில் தொட்ட இடத்து மின்னேற்றம் மட்டுமே நீங்கும். பூமியுடன் இணைத்துப் பிளாஸ்டிக்கைச் சரிசெய்ய இயலாது என்பதும், அதனை மேசையிலிருந்து அகற்றுவதே வழி என்பதும் இதனால் விளங்கும்.