கேழ்வரகுக் கூழ் பூனைக்கு ஆகுமா?

கேள்வி: பாகூர் பக்கம் எங்கள் கிராமம். எங்கள் கடுவன் பூனைக்கு 9 வயது, கருத்தடை ஆபரேஷன் ஆனது, எடை ஆறரை கிலோ. சில மாதமாக ஓயாமல் தண்ணீர் குடித்தது, சிறுநீரும் அதிகம் போனது. இப்போது பின்னங்காலின் குதிகால் தரையில் படும்படி நடக்கிறது. பரிசோதனை செய்து சர்க்கரை நோய் என்று சொல்லி, காலை மாலை இன்சுலின் போடச் சொல்லியிருக்கிறார்கள். இதுவரை மத்தி மீன் பிசைந்த சோறு, பால், கடையில் விற்கும் உலர் தீனி கொடுத்து வந்தோம். என் மாமியாருக்கும் சர்க்கரை. “எனக்குச் சொன்ன மாதிரி சோற்றை நிறுத்திக் கேழ்வரகு, கம்பு கொடு” என்கிறார். தம்பியோ “வெறும் கோழிக்கறி போதும்” என்கிறான். யார் பேச்சைக் கேட்பது?
- ஒரு வாசகி, பாகூர்

பதில்: அம்மா, இரண்டு பேர் சொல்வதிலும் பாதி சரி. ஆனால் இதைப் படித்துவிட்டு நாளைக்கே சாப்பாட்டை மாற்றிவிடாதீர்கள். இப்போது போடும் இன்சுலின் அளவு, இப்போது தின்னும் சோற்றுக்குக் கணக்குப் பண்ணியது. சோறு போய் ஊசி மட்டும் அப்படியே நின்றால் சர்க்கரை திடீரென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். அளவைக் குறைக்க வேண்டுமா என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே மாற்றத்தைத் தொடங்க வேண்டும்.

மாமியார் சோற்றை நிறுத்தச் சொன்னது சரி. பாலும் வேண்டாம், அதிலும் சர்க்கரை இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் கேழ்வரகு எதற்கு? மனிதருக்குத் தானியத்தை மாற்றினால் சர்க்கரை ஏறும் வேகம் குறையலாம். பூனைக்கு எந்தத் தானியமும் தேவையே இல்லை. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸைக் கல்லீரலுக்குள் இழுத்துக்கொள்ள நம் உடம்பில் குளுக்கோகைனேஸ் என்ற நொதி உதவுகிறது. பூனையின் கல்லீரலில் அது மிகமிகக் குறைவு. வயலில் எலி பிடித்துத் தின்று வளர்ந்த இனம், மாவுச்சத்தைச் சமாளிக்கும் வசதி அதற்குத் தேவைப்படவில்லை. ஆகவே அரிசியோ கம்போ, பூனைக்கு எல்லாம் மாவுதான்.

தம்பி சொல்லும் கோழிக்கறியில் மாவு இல்லை, அது நல்லது. ஆனால் எலியைத் தின்னும் பூனை எலும்பு, இதயம், ஈரல், குடல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தின்கிறது. கடையில் வாங்கும் எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. மாதக்கணக்கில் அதையே கொடுத்தால் எலும்பு கரையும். அடுத்தது டாரின். இது இல்லாமல் பூனைக்குக் கண்ணும் இதயமும் கெடும், போதுமான அளவு தானே தயாரித்துக்கொள்ளவும் அதற்கு முடியாது. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1987-இல் இதயம் வீங்கிய பூனைகளைச் சோதித்தபோது ரத்தத்தில் டாரின் குறைந்திருந்தது, டாரின் கொடுத்ததும் இதயம் தேறியது. அவை கடைத் தீனி தின்ற பூனைகள். அதற்குப் பிறகுதான் கம்பெனிகள் தீனியில் டாரினைக் கூட்டின. வீட்டில் கறி வேகவைத்து தண்ணீரைக் கொட்டினால் டாரின் அந்தத் தண்ணீரோடு போய்விடும்.

விலை மலிவு என்று ஈரலையே தினமும் போடுவோர் நம் பக்கம் அதிகம். வைட்டமின் ஏ மிதமிஞ்சிப் போய்க் கழுத்தெலும்புகள் ஒட்டிக்கொள்ளும், பூனையால் தலையைத் திருப்ப முடியாது. மத்தி போன்ற கொழுப்பு மீனை மட்டுமே கொடுத்தாலும் வைட்டமின் ஈ பற்றாமல் உடம்புக் கொழுப்பு வீங்கி வலிக்கும். குழம்பு மீன் என்றால் வெங்காயம், பூண்டு வேறு. இரண்டும் பூனையின் ரத்த அணுக்களைச் சிதைப்பவை.

அப்படியானால் என்னதான் கொடுப்பது? என் சிபாரிசு, ‘கம்ப்ளீட் அண்ட் பேலன்ஸ்டு’ என்று அச்சிட்ட ஈரத் தீனி. ‘ட்ரீட்’, ‘காம்ப்ளிமென்டரி’ என்று போட்டிருந்தால் அது முழு உணவு அல்ல. மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் பாக்கெட்டில் போடமாட்டார்கள், நாமே கழித்துப் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு ஓர் உலர் தீனியில் புரதம் 32, கொழுப்பு 10, நார் 4, ஈரம் 10, சாம்பல் 8 சதவீதம் என்றால் மொத்தம் 64. மீதி 36 மாவு. மொத்தக் கலோரியில் சுமார் 39 சதவீதம் மாவிலிருந்தே வரும். ஒரு பவுச்சில் புரதம் 10, கொழுப்பு 3, நார் 1, ஈரம் 82, சாம்பல் 2 என்றால் மீதி வெறும் 2. கலோரியில் சுமார் 10 சதவீதம். சர்க்கரைப் பூனைக்கு 12 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. ‘லைட்’ என்று விற்கும் உலர் தீனியில் ஏமாறாதீர்கள், கொழுப்பைக் குறைத்த இடத்தில் பெரும்பாலும் மாவைத்தான் நிரப்பியிருப்பார்கள்.

பவுச் மட்டும் என்றால் நாளுக்கு மூன்று, நான்கு ஆகும். கிராமத்து வீட்டுக்கு அது சின்னச் செலவு இல்லை என்பது எனக்குத் தெரியும். கட்டுப்படியாகாவிட்டால் கோழிக்கறி, இதயம், முட்டையோடு கால்சியம், டாரின், வைட்டமின்களை அளந்து சேர்த்து வீட்டிலேயே தயாரிக்கலாம். அளவை மட்டும் யூடியூபில் பார்க்காதீர்கள். குருமாம்பேட்டில் ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, அங்கே கால்நடை ஊட்டச்சத்தியல் துறையில் எழுதி வாங்குங்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்வதும் அவசியம். அது பழுதாகியிருந்தால் கறியின் கணக்கே வேறு.

புதுத் தீனியைப் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். “பட்டினி போட்டால் தானா தின்னும்” என்பது நாய்க்குச் சரிப்படலாம். குண்டுப் பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு படிந்து காமாலை வரும். எடையும் வாரத்துக்கு 30 முதல் 65 கிராம் வரை குறைந்தால் போதும். ஒரு வேளை சாப்பிடவில்லை என்றால் வழக்கமான ஊசியைப் போடாமல் முதலில் மருத்துவரைக் கூப்பிடுங்கள். தள்ளாடினால், கண் சொருகினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று பொருள்; தேனையோ சர்க்கரைப் பாகையோ ஈறில் தடவிவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

நடை மாறியது நரம்பு பாதித்ததால். சர்க்கரை கட்டுப்பட்டால் சில மாதங்களில் தேறும் வாய்ப்பு உண்டு. சீக்கிரம் தொடங்கினால் சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகும், அப்போதும் இந்தச் சாப்பாடுதான். பக்கத்து வீடுகளிலும் சொல்லிவையுங்கள்; அங்கே ஒரு கிண்ணம் பால்சோறு தின்றுவிட்டு வந்தால் நாம் போட்ட கணக்கெல்லாம் வீண். நடவுக் காலத்தில் வயலுக்கு விடாதீர்கள், மருந்து தின்ற எலி அதற்கு எமன்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது தீனிப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் கிண்ணத்தில் அரை லிட்டர் தண்ணீர் ஊற்றி, மறுநாள் மீதியை அளந்து, எவ்வளவு குடித்தது என்று ஒரு நோட்டில் எழுதி அதையும் கொண்டுபோங்கள்.