ஆனின் தாய்மாமன்கள்

அன்புள்ள கயல்விழிக்கு,

ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பைப் படித்துவிட்டு, அந்தக் குடும்பம் ஏன் முன்கூட்டியே தப்பிப் போகவில்லை என்று கேட்டிருந்தாய். போகத்தான் பார்த்தார்கள். ஆனின் அப்பா ஓட்டோ ஃபிராங்க் தட்டாத கதவில்லை. அவருக்காக எழுதப்பட்ட கடிதங்களை நியூயார்க்கிலுள்ள யிவோ ஆய்வு நிறுவனம் 2007-இல் வெளியிட்டது.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் ஜெர்மனியிலிருந்து கிளம்பி ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்த யூதக் குடும்பம் அது. 1938-இலேயே ராட்டர்டாமிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் ஓட்டோ விசா கேட்டு விண்ணப்பித்தார். ஜெர்மனியில் பிறந்தவர்களுக்கு அப்போது ஆண்டுக்கு 27,370 விசாதான். 1939-இல் வரிசையில் நின்றவர்களோ 3 லட்சத்துக்கும் மேல். 1940 மே மாதம் ஜெர்மானிய விமானங்கள் ராட்டர்டாமில் குண்டு வீசியபோது விண்ணப்பங்களும் அழிந்தன.

முறை வந்தாலும் போதாது. வருகிறவர்கள் அரசுக்குப் பாரமாக மாட்டார்கள் என்று அமெரிக்காவில் ஒருவர் தன் வருமானத்தைக் காட்டிப் பிரமாணப் பத்திரம் தர வேண்டியிருந்தது. ஆனின் தாய்மாமன்கள் யூலியஸும் வால்டரும் மாசசூசெட்ஸில் இருந்தார்கள். அவர்களே 1939-இல் உயிர் தப்பி வந்த அகதிகள், சொற்பக் கூலிக்கு உழைத்தவர்கள். மனம் இருந்தது, ஒரு குடும்பத்துக்கே பொறுப்பேற்கும் அளவுக்குச் சம்பளம் இல்லை.

1941 ஏப்ரல் 30 அன்று, கல்லூரிக் காலத்து நண்பர் நேதன் ஸ்ட்ராஸுக்கு ஓட்டோ எழுதினார். அமெரிக்க அரசில் உயர் பதவியிலிருந்த அவரிடம் கேட்டது 5,000 டாலர் பிணைத்தொகை. பெரும்பாலும் குழந்தைகளுக்காகவே கேட்பதாகச் சொன்னார். தன்மானமுள்ள ஒரு மனிதர் இப்படி எழுத எவ்வளவு தவித்திருப்பார், நினைத்துப் பார். ஸ்ட்ராஸும் முயன்றார்.

ஆனால் அந்தக் கோடையில் அமெரிக்கா விதிகளை இறுக்கியது. ஜெர்மனியின் பிடியிலுள்ள நாடுகளில் நெருங்கிய உறவினரை விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு விசா கிடைப்பது அரிதாயிற்று. உறவினரைக் காட்டி மிரட்டி, வருகிறவர்களை ஜெர்மனி உளவாளிகளாக்கிவிடும் என்ற அச்சம். நெதர்லாந்திலிருந்த துணைத் தூதரகங்களும் மூடப்பட்டன. என்னைப் பொறுத்தவரை, குண்டுவீச்சைவிட இந்த விதிகளே ஃபிராங்க் குடும்பத்தை அதிகம் முடக்கின.

கடைசியாக கியூபா. டிசம்பர் 1 அன்று ஓட்டோ ஒருவருக்கு மட்டும் விசா வந்தது. 11-ஆம் தேதி ஜெர்மனி அமெரிக்கா மீது போர் தொடுத்ததும் அதுவும் ரத்தானது. 1942 ஜூலையில் குடும்பத்தினர் நால்வரும் மறைவிடம் புகுந்தார்கள்.

பின்னர் பிடிபட்டு, நாஜி முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள்; அங்கிருந்து ஓட்டோ மட்டுமே உயிரோடு திரும்பினார். போர் முடிந்த பிறகும் யூலியஸ் ஓயவில்லை; மைத்துனரையாவது அமெரிக்காவுக்கு அழைத்துக்கொள்ள முயன்றார். ஆம்ஸ்டர்டாமிலேயே இருந்துவிடுவதாக ஓட்டோ சொல்லிவிட்டார்.

அன்புடன்,
மாமா