சேய்மை விளியும் செவியின் திசையறிவும்: சென்னைத் தெருவொலிகளை முன்வைத்து

முன்னுரை

விளியேற்கும் பெயர்கள் சேய்மையிலுள்ளாரை அழைக்குமிடத்துத் தம் மாத்திரையின் மிக்கு ஒலிக்கும் என்கிறது தொல்காப்பியச் சொல்லதிகாரத்து விளிமரபு. இந்நீட்டம் ஓசையைத் தொலைவிற்குச் செலுத்துவது மட்டுமன்று; இரைச்சலினூடே ஒலியைக் கண்டறிதல், அதன் திசையை அறிதல் ஆகிய இரண்டிற்கும் துணையாவது என்பதை மயிலாப்பூர், தியாகராய நகர்த் தெருவொலிகள் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திசையறியும் முறை

ஓர் ஒலி இரு செவிகளையும் சென்றடையும் கால வேறுபாடு, மிகுந்த அளவில் ஏறத்தாழ 0.7 மில்லிநொடியே. தாழ்ந்த அதிர்வெண் ஒலிகளின் திசை இக்கால வேறுபாட்டாலும், உயர்ந்தவற்றின் திசை செறிவு வேறுபாட்டாலும் அறியப்படும் என்னும் கொள்கையை ரேலே பிரபு 1907இல் முன்வைத்தார். நேர் முன்னும் நேர் பின்னும் எழும் ஒலிகளில் இவ்வேறுபாடுகள் பெரிதும் மறைகின்றன. தலையசைவு அம்மயக்கத்தைத் தீர்க்கும் என்பதை ஹான்ஸ் வாலக் 1940இல் காட்டினார். சுவர்களில் பட்டு மீளும் ஒலிகளுக்கிடையே, முதலில் வந்தடைந்த ஒலியின் திசையையே செவி கொள்கிறது. ஆதலின் தொடக்கம் கூர்மையான ஒலி திசையறிய ஏற்றதாகிறது.

தெருவொலிகள்

மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் நாகசுரத்தின் நீண்ட ஒலி, கூட்ட இரைச்சல் தணியும் இடைவெளிகளிலேனும் செவியை எட்டுகிறது. தவிலின் அடி கூர்மையான தொடக்கத்தைத் தருகிறது. தெருவணிகரின் 'பூ', 'கீரை' என்னும் கூவல்களில் இவ்விரு பண்பும் ஒருங்கே அமைகின்றன. பண்டத்தை விளியாது வாங்குவோரை அழைத்தலின் இவை இலக்கண நோக்கில் விளியல்ல; ஆயினும் நீட்டத்தின் பயன் ஒன்றே. வல்லினத் தொடக்கம் திசையைச் சுட்டினும் நொடிப்பொழுதில் வாகன இரைச்சலுள் மறையக்கூடும். நெட்டுயிரின் நீட்டமோ கேட்போர் தலையைத் திருப்பித் திசையை உறுதிசெய்யும் கால அளவைத் தருகிறது.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வணிகப் பகுதிக்குப் பகலில் 65 டெசிபல் என வரம்பிடுகின்றன. தியாகராய நகர் ரங்கநாதன் தெரு போன்ற நெருக்கடியான கடைத்தெருவில், பதிவுசெய்த ஒரே கூவலைப் பல ஒலிபெருக்கிகள் ஒருங்கே ஒலித்தால், அருகிலுள்ள பெருக்கியின் திசையே கூவலின் திசையாகத் தோன்றும். கூவல் கேட்கும், கடை இருக்குமிடம் புலப்படாது. செவியையே வழித்துணையாகக் கொண்ட பார்வையற்றோர்க்கு இது பேரிடர்.

முடிவுரை

விளிமரபு குறிக்கும் மாத்திரை மிகுதி, கேட்போரின் செவிக்கும் தலையசைவிற்கும் இடம்தரும் ஒலியமைப்பாகும். நகர இரைச்சலைக் கட்டுப்படுத்துதல் அமைதிக்காக மட்டுமன்று. அழைப்பவர் எங்குள்ளார் என அறியும் வாய்ப்பைக் காப்பதற்காகவும் ஆம்.