மெல்லக் கரையும் மருந்து உருண்டை!

காய்ச்சலுக்கு டாக்டர் ஐந்து நாள் ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுக்கிறார். மூன்றாம் நாளே உடம்பு தேறிவிடுகிறது. மீதி மாத்திரை என்ன ஆகிறது? ஃபிரிட்ஜ் மேலே கிடக்கும். கேட்டால், 'அதான் சரியாயிடுச்சே!' என்பீர்கள். ஐந்து நாள் மருந்துக்கே இந்தக் கதி என்றால், ஆறு மாதம் தினமும் விழுங்க வேண்டிய காச நோய் மருந்து என்ன பாடுபடும் என்று யோசித்துப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனிகளில் ஷிப்ட் பார்க்கிற பிள்ளைகளுக்கு வேளாவேளைக்குச் சாப்பாடே கிடையாது. மாத்திரையா ஞாபகம் வரும்?

எங்கள் திருவாலங்காட்டு வட்டாரத்துக்கும் காச நோய் ஆராய்ச்சிக்கும் பழைய உறவு. 1968-ல், அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றியுள்ள கிராமங்களில்தான் பி.சி.ஜி. தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காச நோயை அது தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவு கிடைத்தது. (குழந்தைகளைத் தாக்கும் மூளைக் காச நோயை பி.சி.ஜி. தடுக்கும், அதனால் பிறந்த குழந்தைக்குப் போடாமல் விட்டுவிடாதீர்கள்.) பிறகு 1999-ல் சென்னை காச நோய் ஆராய்ச்சி மையம் இதே திருவள்ளூர்ப் பகுதியில் 'டாட்ஸ்' முறையைக் கவனித்து ஆராய்ந்தது. ஊழியர் கண்ணெதிரே நோயாளி மாத்திரையை விழுங்க வேண்டும், அவ்வளவுதான். அடுத்த சில ஆண்டுகளில் இங்கே நோய் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. மருந்து புதிதல்ல. ஒழுங்காக உள்ளே போனது, அதுதான் புதிது.

ஏன் தினமும் சாப்பிட வேண்டும்? ரிஃபாம்பிசின் மாத்திரையை விழுங்கினால், இரத்தத்தில் உள்ள அளவு சுமார் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். மறுநாள் காலையில் பெரும்பகுதி காலி. மறுபடி நிரப்பவேண்டியதுதான்.

இங்கேதான் விஞ்ஞானிகளுக்கு ஒரு யோசனை வந்தது. மருந்தைத் தானே கரையும் ஒரு பொருளுக்குள் அடைத்து அனுப்பினால் என்ன? அந்தப் பொருளை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, 'தையல் பிரிக்க வேண்டாம், நூல் தானே கரைஞ்சிடும்' என்கிறார்களே, அந்த நூலின் உறவுக்காரன்தான். லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் சங்கிலியாகக் கோத்த பாலிமர். லாக்டிக் அமிலம் என்பது தயிரைப் புளிக்க வைக்கிற அதே அமிலம். சர்க்கரையைப் புளிக்க வைத்தும் எடுக்கலாம். (எங்கள் ஊர் சர்க்கரை ஆலையைத் தாண்டும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்பு வரும்.)

இந்தப் பாலிமரையும் மருந்தையும் ஒரு கரைப்பானில் கரைத்து, தண்ணீரில் ஊற்றி, வேகமாகக் கலக்குகிறார்கள். எண்ணெய் தண்ணீரில் சிதறுவதுபோல் பொடிப்பொடித் துளிகளாகும். கரைப்பான் ஆவியாகப் போனதும் துளிகள் இறுகி, கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகிவிடும். உடம்புக்குள் போனதும் தண்ணீர் அந்தச் சங்கிலியை மெள்ள அறுக்கிறது. மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிகிறது. மிஞ்சுவது கரியமில வாயுவும் தண்ணீரும். இரண்டு அமிலங்களின் விகிதத்தை மாற்றினால் கரையும் காலமும் மாறும்.

காச நோய்க்கு இதில் இன்னொரு வசதி. இந்தக் கிருமி ஒளிந்திருப்பதே நம்மைக் காக்க வேண்டிய விழுங்கு செல்களுக்குள்! திருடன் போலீஸ் ஸ்டேஷனிலேயே குடித்தனம் நடத்துகிற மாதிரி. அந்தச் செல்கள் எந்தத் துகளைக் கண்டாலும் விழுங்கும். மருந்து உருண்டையையும் விழுங்கும். ஆக, மருந்து நேரே கிருமியின் வீட்டுக்கே போகிறது.

சண்டிகர் பி.ஜி.ஐ. மருத்துவ நிறுவனத்தில் டாக்டர் ஜி.கே. குல்லர் குழுவினர் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட், பைரசினமைட் மூன்றையும் இப்படி அடைத்து, காச நோய் தாக்கிய கினிப்பன்றிகளை முகர வைத்தார்கள். பத்து நாளுக்கு ஒரு தடவை, மொத்தம் ஐந்தே தடவை. தினமும் 46 முறை வாய்வழி கொடுத்ததற்குச் சமமான பலன் என்று 2003-ல் வெளியிட்டார்கள்.

உடனே, 'எங்கே கிடைக்கும் டாக்டர்?' என்று கேட்காதீர்கள். காச நோய்க்கு இது இன்னும் மருந்துக் கடைக்கு வரவில்லை. மனிதனுக்கு ரிஃபாம்பிசின் ஒரு நாளைக்கே 450 முதல் 600 மில்லிகிராம் வேண்டும். பத்து நாளுக்கு உரியதை அடைத்தால் எவ்வளவு பெரிய மூட்டை! சில உருண்டைகள் முதல் நாளே பாதி மருந்தைக் கொட்டிவிடும். கடைசியில் சொட்டுச் சொட்டாகக் கசியும் குறைந்த அளவு கிருமியைக் கொல்லாமல், எதிர்ப்புச் சக்தி பழக்கிவிடவும் கூடும். ஈரல் பாதித்தால், மாத்திரையை நிறுத்தலாம். உள்ளே போன உருண்டையை எப்படி நிறுத்துவது? ஈறு நோய்க்கு மினோசைக்ளின் அடைத்த உருண்டைகளுக்கு அமெரிக்கா 2001-ல் அனுமதி தந்தது. ஈறு இடுக்கில் ஒரு மில்லிகிராம் போதும் என்பதால் அங்கே பலித்தது.

தேனும் நெய்யும் அனுபானமாகக் கொடுத்துப் பழகிய சித்த வைத்தியன் நான். அதற்காக 'இதெல்லாம் அன்றே நம்மிடம் இருந்தது' என்று பெருமை பேச மாட்டேன். அனுபானம் வேறு, இது வேறு. காச நோய் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கஷாயம் கேட்டு வருகிறவர்களை நான் அரசு ஆஸ்பத்திரிக்கே திருப்பி அனுப்புகிறேன். அங்கே மருந்து இலவசம்.

வீட்டில் கவனிக்க வேண்டியது ஒன்று: அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று போட்டிருந்தால் அதுவும் மெல்லக் கசியும் ஜாதிதான். தாத்தாவால் விழுங்க முடியவில்லை என்று அம்மியில் வைத்துப் பொடித்துவிடாதீர்கள். முழு மருந்தும் ஒரே நேரத்தில் இறங்கிவிடும். டாக்டரிடம் சொன்னால் வேறு வகை எழுதித் தருவார். ரிஃபாம்பிசின் சாப்பிடுகிறவருக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயந்து நிறுத்த வேண்டாம். கண் மஞ்சளானாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.