இரண்டு இயங்குதளங்கள் குறித்து மருமகனுக்கு

அரியலூர்

சிரஞ்சீவி மருமகனுக்கு,

புது மடிக்கணினியில் விண்டோஸோடு லினக்ஸையும் ஏற்றி, ராத்திரியோடு ராத்திரியாக அதை முடித்துவிட நீ உத்தேசித்திருப்பதாக உன் அம்மா பெரம்பலூரிலிருந்து போனில் சொன்னாள். உத்தேசம் உத்தமமானது, அவசரந்தான் எனக்கு விசாரத்தைத் தருகிறது. அந்த வட்டில் உன் புராஜெக்ட் மட்டுமா இருக்கிறது? அப்பா ஸ்கேன் செய்து வைத்த நிலப் பத்திரங்களும் அதில்தானே இருக்கின்றன? முதற்காரியமாக அவற்றையெல்லாம் வெளி ஹார்டு டிஸ்க் ஒன்றில் பிரதி எடுத்து, பிரதி திறக்கிறதா என்றும் பார்த்துக்கொள். பிட்லாக்கர் பூட்டு போட்டிருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைக் காகிதத்தில் எழுதி வை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடு. அது இருக்கும்வரை விண்டோஸ் முழுவதும் அணையாமல் அரைத் தூக்கத்தில் கிடக்கும், அந்த நிலையில் லினக்ஸ் அதன் பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையும்.

எதை முதன்மையாக வைப்பது என்பது உன் இஷ்டம், நான் நிர்ப்பந்திக்கவில்லை. ஆனால் உன் அக்காவின் மடிக்கணினிக்கு நேர்ந்ததை நீ மறந்திருக்க மாட்டாய். 2011-ல் தமிழக அரசு விலையில்லாமல் வழங்கத் தொடங்கிய அம்மடிக்கணினிகளில் விண்டோஸும், நம் நாட்டு சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன. எது வேண்டுமென்று திறந்ததும் கேட்கும் அந்தச் சுதந்திரத்தை, பழுது பார்க்கக் கொடுத்த கடைக்காரர் ஒருவர், யாரையும் ஒரு வார்த்தை கேளாமல், விண்டோஸை மட்டும் புதிதாக ஏற்றித் துடைத்துப்போட்டார். கிராமத்துப் பிள்ளைக்குக் கிடைத்த தேர்வுரிமையை அப்படி அழித்ததை இன்றும் என்னால் க்ஷமிக்க முடியவில்லை.

இனி ஏற்றும் முறைக்கு வருகிறேன். பழைய கணினிகளில் வட்டின் முதல் 512 பைட்டுக்குள் 446 பைட்டே, கணினியைத் தொடக்கி வைக்கும் பூட் நிரலுக்கு உரியது. கடைசியாக ஏறியவன் எவனோ அவனே அதற்கு எஜமான். இப்போதைய யுஇஎஃப்ஐ முறையில் இரண்டு இயங்குதளங்களுக்கும் ஒரே சிறு பகுதியில் தனித்தனிக் கோப்புறை உண்டு. ஆகையால் அந்த ஈஎஃப்ஐ பகுதியை எக்காரணத்தாலும் ஃபார்மட் செய்யாதே. விண்டோஸுக்குள்ளிருந்தே அதன் பகுதியைச் சுருக்கி இடம் விடு; பின்னர் லினக்ஸை ஏற்றி, வாசற்காவலை லினக்ஸோடு வரும் கிரப் என்னும் பூட் நிரலிடம் கொடு. விண்டோஸின் பூட் மேனேஜர் தானாக லினக்ஸைத் தேடிப் பட்டியலில் சேர்ப்பதில்லை. கிரப் இரண்டையும் காட்ட வல்லது. பட்டியலில் விண்டோஸ் காணாவிட்டால் பதறாதே: 2021-ல் வந்த கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாகவே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. அமைப்புக் கோப்பில் அத்தடையை நீக்கிப் பட்டியலை மறுபடி உருவாக்கினால் போதும். 2024 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் அப்டேட் ஒன்று, செக்யூர் பூட் என்னும் பாதுகாப்பு முறை இயங்கிய இரு இயங்குதளக் கணினிகள் பலவற்றில் லினக்ஸைத் திறக்கவொட்டாமல் செய்தது. ஆகவே லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

அதிகம் சொல்லிவிட்டேனோ என்னவோ. உன் புத்திசாலித்தனத்தில் எனக்கு அணுவளவும் சந்தேகமில்லை. நீ எப்படிச் செய்தாலும் சரியாகவே செய்வாய். தனியாக உட்கார்ந்து அல்லாடாமல், சனிக்கிழமை மடிக்கணினியோடு இங்கே வந்துவிடு, இருவருமாகச் செய்வோம். உனக்குப் பிடித்த சின்ன வெங்காயக் குழம்பு வைத்துத் தருவதாக அத்தை சொல்லச் சொன்னாள்.

உன் பிரியமுள்ள
மாமா