காற்றால் குளிரும் மோட்டார் எஞ்சினில் தீப்பொறி நேரக் குறிகளை அறிதல்

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி தோன்றினால் மட்டும் போதாது. தோன்ற வேண்டிய கணத்தில் தோன்றுதல் வேண்டும். அக்கணத்தைக் காட்டுவதற்கென எஞ்சினைச் செய்தோர் சுழலும் பகுதியில் சில குறிகளை இட்டிருப்பர். அவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. பிழையின்றிப் பொருள் கொள்வதே கடினம். ஜெர்மனியில் தோன்றி, 2003ஆம் ஆண்டில் மெக்ஸிகோவில் உற்பத்தி நிறுத்தப்பெறும் வரை 2 கோடிக்கு மேல் செய்யப்பட்ட வோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சினைக் கொண்டு இப்பாடம் விளக்கப்பெறுகின்றது.

1. நேரம் தவறினால் விளைவது யாது?

சிலிண்டரில் அடைபட்ட கலவை முழுவதும் ஒரே கணத்தில் எரிந்துவிடுவதில்லை. எரிதல் பரவச் சிறிது நேரம் செல்லும். எஞ்சின் நிமிடத்திற்கு 3,000 முறை சுழலுங்கால், கிராங்க் தண்டு ஒரு விநாடியில் 50 சுற்று, அதாவது 18,000 பாகை திரும்புகின்றது. ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் அது 18 பாகை சென்றுவிடும். எனவேதான் பிஸ்டன் உச்ச நிலையை அடையுமுன்பே பொறி எழுதல் வேண்டும். வேகம் மிகுந்தோறும் இம்முன்னேற்றத்தை டிஸ்ட்ரிபியூட்டர் தானே மிகுவிக்கும். அதன் தொடக்க நிலையை மட்டும் மனிதன் அமைத்துத் தரவேண்டும்.

பொறி அளவுக்கு மிஞ்சி முந்தினால், மேலேறி வரும் பிஸ்டனை எரிவாயு எதிர்த்துத் தாக்கும். எஞ்சின் தட்டொலி எழுப்பும். சிலிண்டர் தலை மிகச் சூடேறும். முடிவில் பிஸ்டனின் முகம் உருகித் துளைபடுதலும் உண்டு. பொறி பிந்தினால் ஆற்றல் குன்றி, வெளிச்செல்லும் வாயுவின் வெப்பம் மிகும். நீரால் குளிரும் எஞ்சினில் நீரின் வெப்பநிலையைக் காட்டும் மானி ஓட்டுநரை எச்சரிக்கும். பீட்டிலில் நீரும் இல்லை. அத்தகைய மானியும் இல்லை. ஆதலால் குறியைத் தவறாகப் படித்ததன் பயன் எஞ்சின் பழுதான பின்னரே வெளிப்படக் கூடும்.

2. எஞ்சினின் அமைப்பு

இவ்வெஞ்சின் காரின் பின்புறத்தில் உள்ளது. நான்கு சிலிண்டர்கள் கிடைநிலையில், பக்கத்திற்கு இரண்டாக எதிரெதிரே அமைந்துள்ளன. பிஸ்டன்கள் மேலும் கீழுமாக இயங்காமையால், இங்கு உச்ச நிலை என்பது பிஸ்டன் கிராங்க் தண்டினின்றும் மிகத் தொலைவிற் செல்லும் இடத்தையே குறிக்கும்.

காரின் பின்னே நின்று நோக்குவோர்க்கு வலப்புறம் தொலைவிலுள்ளது முதல் சிலிண்டர். வலப்புறம் அண்மையிலுள்ளது இரண்டாவது. இடப்புறம் தொலைவிலுள்ளது மூன்றாவது. இடப்புறம் அண்மையிலுள்ளது நான்காவது. இவை 1, 4, 3, 2 என்னும் வரிசையில் எரிகின்றன. கிராங்க் புல்லியும் டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டரும் வலஞ்சுழியாகத் திரும்புவன.

3. குறிகள் இருக்குமிடம்

கிராங்க் தண்டின் முனையில், ஃபேன் பெல்ட் ஓடும் புல்லியின் விளிம்பில் சிறு வெட்டுகள் உள்ளன. இவை எஞ்சின் பக்கமாக உள்ள விளிம்பில் இருப்பதால், எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து நோக்கினாலன்றிப் புலப்படா. இவ்வெட்டுகளுக்கு எதிரே நிலையாக நிற்கும் அடையாளம், கிராங்க் பெட்டியின் இரு பாதிகளும் கூடும் செங்குத்துப் பொருத்துக்கோடாகும். குறித்த வெட்டு இக்கோட்டிற்கு நேரே வரும் கணமே கணக்கிடப்பெறும் கணம்.

சாவியை அணைத்து, கியரை நடுநிலையில் வைத்து, பிளக்குகளைக் கழற்றிவிட்டால் புல்லியைக் கையால் எளிதில் திருப்பலாம். வெட்டுகளில் வெள்ளை வண்ணம் தீட்டிக்கொள்ளுதல் நலம்.

4. ஒரே குறி இருமுறை வருதல்

நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுழற்சி முடியக் கிராங்க் தண்டு இரு சுற்றுகள் வரவேண்டும். ஆகவே அதே வெட்டு பொருத்துக்கோட்டிற்கு இருமுறை வருகின்றது. ஒருமுறை வருங்கால் முதல் சிலிண்டர் எரியும் நிலையிலும், மறுமுறை மூன்றாம் சிலிண்டர் எரியும் நிலையிலும் இருக்கும். இவ்விரண்டையும் புல்லி பிரித்துக் காட்டாது, ரோட்டரே காட்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை நீக்கினால், அதன் உடலின் விளிம்பிலும் ஒரு சிறு வெட்டு காணப்படும். ரோட்டரின் முனை அவ்வெட்டை நோக்கி நின்றால் அது முதல் சிலிண்டருக்குரிய நிலை. எதிர்ப்புறம் நோக்கினால் புல்லியை இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்புதல் வேண்டும்.

5. எந்த வெட்டு எந்தக் கோணம்?

பிழை பெரிதும் நேர்வது இங்கேதான். புல்லியில் சிலவற்றில் ஒரு வெட்டும், சிலவற்றில் இரண்டும், சிலவற்றில் மூன்றும் உள்ளன. வெட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு கோணத்தை உறுதி செய்தல் இயலாது. 1960ஆம் ஆண்டின் பிற்பகுதியில் வந்த 34 குதிரைத் திறன் கொண்ட 1200 எஞ்சினுக்கு உரிய அமைப்பு உச்ச நிலைக்கு 10 பாகை முன். அதற்கு முந்தியவற்றிற்கு 7.5 பாகை முன். அமெரிக்காவிற்கென 1971 முதல் 1973 வரை வந்த 1600 எஞ்சின்களுக்கோ உச்ச நிலைக்கு 5 பாகை பின். இறுதியிற் கூறிய வெட்டை உச்ச நிலைக் குறியென்று கருதுவோர் தம் கணக்கு முழுவதிலும் 5 பாகை தவறுவர்.

புல்லி வலஞ்சுழியாகத் திரும்புவதால், முந்திய கோணத்திற்குரிய வெட்டு வலப்புறம் அமையும். மூன்று வெட்டுகள் 0, 7.5, 10 பாகைக்கு உரியனவாயின், இடமிருந்து வலமாக அவ்வரிசையிலேயே நிற்கும். இடைவெளியை அளந்தும் சோதிக்கலாம். காகித நாடாவால் அளந்த புல்லியின் சுற்றளவு 540 மில்லிமீட்டர் என்று கொண்டால், ஒரு பாகைக்கு 1.5 மில்லிமீட்டர், 7.5 பாகைக்கு 11.25 மில்லிமீட்டர்; 10 பாகைக்கு 15 மில்லிமீட்டர்.

6. குறி ஐயத்திற்குரியதாயின்

பழைய எஞ்சின்களில் புல்லியோ டிஸ்ட்ரிபியூட்டரோ மாற்றப்பட்டிருத்தல் இயல்பு. அப்பொழுது பிஸ்டனையே சாட்சியாகக் கொள்ளல் வேண்டும். பிளக் துளை வழியே கம்பியை விட்டு உச்ச நிலையை உணர முயல்வது துல்லியமாகாது. 64 மில்லிமீட்டர் வீச்சுடைய 1200 எஞ்சினில், உச்ச நிலைக்கு 7.5 பாகை முன்னே பிஸ்டன் இருக்கும் தொலைவு அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. கையுணர்வுக்கு அது எட்டாது.

சிறந்த முறை பின்வருமாறு: முதல் சிலிண்டரின் பிளக் துளையில் முனை மழுங்கிய தடைத் திருகு ஒன்றைப் பொருத்துக. அச்சிலிண்டரின் ராக்கர்களை முன்னரே கழற்றிவிட்டால், வால்வுகள் தடையில் தட்டும் அச்சம் நீங்கும். புல்லியை வலஞ்சுழியாக மெதுவே திருப்பி, பிஸ்டன் தடையைத் தொட்டு நின்றதும் பொருத்துக்கோட்டிற்கு நேரே புல்லியில் ஒரு கோடு இடுக. பின்னர் இடஞ்சுழியாகத் திருப்பி, மீண்டும் நின்றதும் மற்றொரு கோடு இடுக. இரு கோடுகளுக்கும் இடையிலுள்ள சிறிய வில்லின் நடுப்புள்ளியே உண்மையான உச்ச நிலை. அதனின்றும் வலப்புறமாக மேற்கூறிய கணக்கின்படி அளந்து, வேண்டிய கோணத்தைக் குறிக்கலாம்.

7. விளக்கு கொண்டு அமைத்தல்

முதலில் பாயிண்ட் இடைவெளியை 0.4 மில்லிமீட்டர் அளவில் அமைத்தல் வேண்டும். இடைவெளி மாறினால் பாயிண்ட் திறக்கும் நேரமும் மாறுமாதலின், இவ்வரிசையை மாற்றலாகாது. எஞ்சின் குளிர்ந்திருத்தலும் வேண்டும்.

உரிய வெட்டைக் கோட்டிற்கு நேரே நிறுத்தி, ரோட்டர் முதல் சிலிண்டரை நோக்குவதை உறுதி செய்க. பாட்டரியின் வோல்ட் அளவுக்கேற்ற சிறு விளக்கின் ஒரு கம்பியைக் காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குச் செல்லும் முனையிலும், மற்றதை எஞ்சினின் உலோகப் பகுதியிலும் இணைத்துச் சாவியைத் திருப்புக. டிஸ்ட்ரிபியூட்டரின் பிடியைத் தளர்த்தி, உடலை வலஞ்சுழியாகத் திருப்பினால் பாயிண்ட் மூடி விளக்கு அணையும். பின் இடஞ்சுழியாக மெல்லத் திருப்பி, விளக்கு எரியத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி இறுக்குக. புல்லியை இரு சுற்று வலஞ்சுழியாகத் திருப்பி, வெட்டு கோட்டை அடையும் கணத்தில் விளக்கு எரிகின்றதா எனச் சரிபார்க்க. வெட்டு கோட்டைக் கடந்துவிட்டால், நன்றாகப் பின்னே திருப்பி மீண்டும் முன்னோக்கி வருதல் வேண்டும்; பற்சக்கரங்களின் தளர்ச்சி அப்போதுதான் நீங்கும். உச்ச நிலைக்குப் பின் அமைக்க வேண்டிய எஞ்சின்களை இம்முறையில் அன்றி, ஓடும் நிலையில் மின்னல் விளக்கால் அமைத்தல் வேண்டும்.

இச்சோதனையை மூன்றாம் சிலிண்டருக்குச் செய்தால், சில டிஸ்ட்ரிபியூட்டர்களில் பொறி சில பாகை பிந்தக் காணலாம். அது பழுதன்று. எண்ணெய்க் குளிர்விப்பான் காற்றோட்டத்தை மறைத்தமையால் அச்சிலிண்டர் மிகச் சூடேறியது. அதனைக் காக்கவே வேண்டுமென்று பிந்த வைத்தனர். ஆகவே நேரத்தை எப்பொழுதும் முதல் சிலிண்டரைக் கொண்டே அமைத்தல் வேண்டும்.

மாணவர்க்குரிய வினாக்கள்

1. புல்லியின் வெட்டு கோட்டிற்கு நேரே உள்ளது. ரோட்டர் எதிர்ப்புறம் நோக்குகின்றது. எரியும் நிலையிலுள்ள சிலிண்டர் எது?

2. சுற்றளவு 540 மில்லிமீட்டராயின், 5 பாகை பின்னுக்குரிய வெட்டு உச்ச நிலைக் குறியினின்றும் எப்பக்கம், எவ்வளவு தொலைவில் அமையும்?

3. பாயிண்ட் இடைவெளியை மிகுவித்தால் பொறி முந்துமா, பிந்துமா? காரணம் கூறுக.