நாலு சக்கரத்தின் பாரம்

பாளையங்கோட்டை

அன்புள்ள தம்பிக்கு,

பேர்பெற்ற பழைய காரொன்றின் உருவத்தை எடுத்துக்கொண்டு, உள்ளே வேறு வண்டியின் எஞ்சினையும் பாகங்களையும் வைத்துக் கட்டுவதே ரெப்ளிக்கா ஸ்போர்ட்ஸ் கார். காலின் சாப்மன் 1957-இல் கொண்டுவந்த லோட்டஸ் செவன் இப்படி உலகெங்கும் நகலெடுக்கப்பட்டது. அந்தச் சாயலில்தான் சின்காரா மோட்டார்ஸ், இசுசூ 1.8 லிட்டர் எஞ்சின் வைத்து நம் நாட்டிலேயே ரோட்ஸ்டர் கட்டியது. கோவையில் கரிவர்தன் செய்தது நகல் அல்ல. ஆனாலும் வேலை ஒன்றுதான். மாருதி 800-இன் எஞ்சினை ஒற்றை இருக்கைச் சட்டத்தில் ஏற்றி ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டினார். ஃபார்முலா ஒன் வரை போன நரேன் கார்த்திகேயனின் பந்தய வாழ்க்கை அந்த வண்டியில்தான் தொடங்கியது. கோவையை அடுத்த செட்டிப்பாளையத்துப் பந்தய டிராக்குக்குக் கரிவர்தனின் பெயரை வைத்தது மிகவும் பொருத்தம்.

பதிவுச் சான்றிலுள்ள விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்துவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே நெல்லையில் கட்டும் இத்தகைய கார், சாலையில் ஓடாமல், ட்ரெய்லரில் ஏறித்தான் செட்டிப்பாளையம் போகவேண்டும். டிராக்கில் கிடைப்பது சில மணி நேரம்தான். முக்கால்வாசி வேலை வீட்டுத் தரையிலேயே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் பார்க்கவேண்டியது சட்டம், அதாவது சேஸி. அல்வா வாங்கிவரும் அட்டைப்பெட்டியை மூடியோடு முறுக்கினால் அசையாது. மூடியைக் கழற்றிவிட்டால் கைக்கு வளையும். மேலே திறந்த காரின் நிலையும் அதுதான். சேஸி முறுக்கிக்கொண்டால் அதுவே அளவு தெரியாத ஐந்தாவது ஸ்பிரிங்காகிவிடும். அதன்பின் மற்ற நாலு ஸ்பிரிங்கை மாற்றியும் பலன் தெரியாது. சோதிக்கும் வழி எளிது. சேஸியின் பின்பகுதியை அசையாமல் இறுக்கி, முன்பகுதியை நடுவில் மட்டும் ஒரு முட்டில் நிறுத்தி, குறுக்கே நீண்ட பைப்பைக் கட்ட வேண்டும். நடுவிலிருந்து 1 மீட்டர் தள்ளி 50 கிலோ சிமெண்ட் மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டால் முறுக்குவிசை சுமார் 490 நியூட்டன் மீட்டர். அந்த இடத்தில் பைப் 17.5 மி.மீ. இறங்கினால் சேஸி ஒரு டிகிரி முறுகியிருக்கிறது என்று பொருள்; 5 மி.மீ. மட்டும் இறங்கினால் டிகிரிக்குச் சுமார் 1,700 நியூட்டன் மீட்டர். இறக்கம் அதிகமானால் எஞ்சின் அறையிலும் நடுச்சுரங்கத்திலும் முக்கோணமாகக் குறுக்குப் பைப் பற்றவைக்க வேண்டும். தகட்டைக் கனமாக்குவதைவிட முக்கோணம் எப்போதும் மேல்.

அடுத்தது ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் பாரம். ஒரு கால் குட்டையான நாற்காலி எப்படி ஆடுமோ, குறுக்குப் பாரம், அதாவது மூலைவிட்டச் சக்கரங்கள் சேர்ந்து தாங்கும் பாரம், தவறிய காரும் அப்படித்தான். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர் ட்யூபை வைத்து நாலு சக்கரம் நிற்கும் இடங்களையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். டயர் காற்றைச் சரிபார்த்து, ஆன்டி-ரோல் பாரைக் கழற்றி, டிரைவர் சீட்டில் அவருடைய எடைக்கு மணல்மூட்டை வைக்க வேண்டும். ரேஸ் எடைத்தட்டு இல்லாவிட்டால் பலகைகள் போதும். பலகையின் ஒரு முனையை முட்டிலும் மறுமுனையைச் சாதாரண எடை மெஷினிலும் வைத்து, முட்டிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தூரத்தில் சக்கரத்தை நிறுத்தினால், மெஷின் மூன்றில் ஒரு பங்கு பாரத்தைக் காட்டும். பலகை மட்டும் இருக்கும்போது காட்டும் எடையைக் கழித்துக்கொள்ள வேண்டும். நாலு சக்கரத்துக்கும் உயரம் ஒன்றாக இருப்பது முக்கியம்.

600 கிலோ கார் ஒன்றில் முன் இடது 130, முன் வலது 150, பின் இடது 165, பின் வலது 155 என்று வந்ததாகக் கொள்ளலாம். முன் வலதும் பின் இடதும் சேர்ந்து 315. பாதி 300 தான். இந்தக் கார் இடது திருப்பத்தில் முன்பக்கம் வெளியே தள்ளும், வலது திருப்பத்தில் பின்பக்கம் நழுவப் பார்க்கும். பின் இடது ஸ்பிரிங்கின் கீழ்த்தட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்கினால் இரண்டு மூலைவிட்டமும் சமமாகும். முன்பின் பங்கும் இடவலப் பங்கும் இதனால் மாறுவதில்லை. அவை மாற பேட்டரியையோ சீட்டையோதான் நகர்த்த வேண்டும்.

ஸ்பிரிங்கின் அளவைக் கண்மதிப்பில் விடக்கூடாது. முன்சக்கரம் ஒன்றின் மேல் தொங்கும் எடை 110 கிலோ, வேண்டிய அதிர்வு விநாடிக்கு 2 என்றால், சக்கரத்தில் மி.மீ.-க்கு 17.4 நியூட்டன் கடினம் தேவை. சக்கரம் 10 மி.மீ. ஏறும்போது ஸ்பிரிங் 7 மி.மீ. அமுங்கும் அமைப்பில், 17.4-ஐ அந்த விகிதத்தின் வர்க்கமான 0.49-ஆல் வகுத்து, மி.மீ.-க்குச் சுமார் 35 நியூட்டன் ஸ்பிரிங் வாங்க வேண்டும். இதைவிடக் கடினமாக்கினால் மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டெழும்.

வேறு காரின் ஸ்டீரிங் ராக் வைத்த நகல்களில் இன்னொரு குறை ஒளிந்திருக்கும். ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை 30 மி.மீ. மேலும் கீழும் தூக்கி, பக்கத்தில் நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். சக்கரம் தானாகத் திரும்பினால் ராக்கின் உயரம் தவறு. வாஷர் வைத்து ராக்கை ஏற்றியோ இறக்கியோ திருத்தாமல் அந்த வண்டியை டிராக்கில் இறக்குவது ஆபத்து.

டிராக்கில் மிஞ்சும் வேலை டயர்தான். 10 டிகிரி சூட்டுக்கு ஒன்று முதல் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறும், நெல்லையின் சித்திரை வெயிலில் அளந்த காற்று கோவையின் விடியற்காலையில் குறைவாகக் காட்டும். ஆகவே ஓடி வந்தவுடன் அளந்த சூட்டுக் காற்றே கணக்கு. டயரின் உள்ளோரம், நடு, வெளியோரம் என மூன்று இடத்திலும் வெப்பம் பார்க்க வேண்டும். நடு மட்டும் சுட்டால் காற்று அதிகம். வெளியோரம் சுட்டால் நெகட்டிவ் கேம்பர் போதவில்லை. ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. டயர் ஓரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு அனுப்பினால், திரும்பி வரும்போது அழிந்திருக்கும் அளவு, டயர் எவ்வளவு மடங்கியது என்பதைக் காட்டிவிடும்.

அன்புடன்,
அண்ணாச்சி